கள்ளும் கொடையும்: ஔவை நினைத்த அதியமான்

(தருமபுரியில் இலக்கிய அன்பர்கள் கூடிய மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பு, கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி எனக்குத் தொலைபேசியில் பேசினார். “ஐயா, தலைப்பில் ‘கள்’ வேண்டாமே. ‘அதியமானின் கொடைத்திறம்’ என்று போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், தாய்மார்கள் வருவார்கள் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதியமான் செத்த பிறகு அவனை நினைத்து அழ உட்கார்ந்த ஔவை, எடுத்த எடுப்பிலேயே சொன்ன பொருள் கள். அவர் கூசாமல் சொன்னதற்கு இரண்டாயிரம் ஆண்டு கழித்து நான் எதற்குக் கூச வேண்டும்?

எனக்கு அந்தப் பாட்டு முதலில் அறிமுகமானதே ஒரு மழுப்பலோடுதான். எங்கள் தமிழாசிரியர் ரொம்ப நல்லவர், திருநீறு மணக்க வகுப்புக்கு வருவார். புறநானூற்று 235ஆம் பாட்டு வந்ததும் “பருகுவதற்கு இனிய பானம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாண்டிவிட்டார். நாங்கள் பானகம் என்று நினைத்துக்கொண்டோம். அதியமான் ஔவைக்கு வெல்லமும் ஏலக்காயும் கரைத்துக் கொடுத்ததாகத்தான் பல ஆண்டுகள் என் மனத்தில் படம். அதற்குச் சினிமாவும் ஒத்தாசை செய்தது. 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாளைப் பார்த்த கண்ணுக்கு, ஔவை என்றால் கோலும் பழமும் பக்தியும்தான். ஆனால் ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். அதியமானோடு பழகிய ஔவை வேறு ஆள். ஊன் தின்றவர், கள் குடித்தவர், மன்னர்களைத் தேடி நாடு நாடாக நடந்தவர். சங்கத் தொகைகளில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன, அவற்றில் 33 புறநானூற்றில். அந்த 33இல் பெரும்பங்கு ஒரே மனிதனைப் பற்றியது. அந்த மனிதன் உங்கள் ஊர்க்காரன், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி.

இந்த ஊரைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி. இந்தியாவில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது 1937 அக்டோபர் முதல் நாள், பழைய சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்போது சேலத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 1965இல். நண்பனுக்குக் கள் கொடுத்ததற்காகப் பாட்டில் நிற்கிற மன்னனின் மண்ணில்தான் கள்ளுக் கலயத்தை முதலில் உடைத்தார்கள். வரலாற்றுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு போலிருக்கிறது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். அதன் சொற்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை, வீட்டுக்குப் போய் நீங்களே படியுங்கள். பொருளை மட்டும் சொல்கிறேன். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால், எங்களுக்குக் கொடுத்துப் பாடவிட்டு, கேட்டு மகிழ்ந்து தானும் குடிப்பான். இவ்வளவுதான் தொடக்கம்.

இதில் எனக்கு வியப்பு, ‘நிறைய’ என்பதற்கு முன்னால் ‘கொஞ்சம்’ வந்ததுதான். அரசனைப் புகழ வந்த புலவர் பானை பானையாக வார்த்தான், யானை யானையாகக் கொடுத்தான் என்றுதான் தொடங்குவார். ஔவைக்கு அதியமானிடம் யானை வாங்கத் தெரியாதா என்ன? ஆனால் ஆள் போன பிறகு அவருக்கு முதலில் நினைவு வந்தது ஒரு பற்றாக்குறை நாள். எங்கோ பாசறையிலோ, மழைக்காலத்து மலையடிவாரத்திலோ, கலத்தின் அடியில் நாலு வாய்தான் மிச்சம். இன்றைக்கு அது யாருக்கு? நாலு பேர் சேர்ந்து குடிக்கிற எந்த இடத்திலும் ஆளின் குணம் தெரிகிற நேரம் அந்த நாலு வாய் மிஞ்சுகிற நேரம்தான். அதியமான் அதைத் தள்ளி வைத்துவிட்டான். ஈகையின் அளவை ஔவை அங்கே வைத்துப் பார்க்கிறார்.

அடுத்ததையும் கவனியுங்கள். நிறைய இருக்கும்போது அவன் ஒதுங்கி நின்று, நீங்கள் குடியுங்கள், நான் குடிக்க மாட்டேன் என்று தருமவானாக வேடம் கட்டவில்லை. தானும் உட்கார்ந்து குடிக்கிறான். எனக்கு இது முன்னதைவிடப் பெரிய குணமாகப் படுகிறது. கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே என்கிற படிக்கட்டு அந்தப் பந்தியில் இல்லை. கொஞ்சமாக இருந்தால் உனக்கு, நிறைய இருந்தால் நமக்கு. எனக்கு மட்டும் என்ற மூன்றாவது கணக்கு அந்த ஆளிடம் கிடையவே கிடையாது.

சோற்றிலும் அப்படியே. கொஞ்சச் சோறோ நிறையச் சோறோ, உண்கிற கலங்கள் பல. கறி கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் பாய்கிற இடமெல்லாம் அவனுக்கு. பிறகு ஓர் இடம் வரும், அதைப் படிக்கும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். புலால் வீசுகிற என் தலையை, நரந்தம் மணக்கிற தன் கையால் அவன் தடவிக்கொடுப்பான் என்கிறார் ஔவை. தன் தலை நாறியது என்று ஒரு பெண்ணே எழுதி வைத்திருக்கிறார், அய்யா! அந்தக் கையின் மணத்தை மறக்க முடியாதவர்தான் தன் தலையின் நாற்றத்தையும் மறைக்காமல் சொல்ல முடியும்.

இந்தப் பாட்டில் ‘மன்’ என்று ஓர் இடைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கொடுப்பான், அது போயிற்றே. குடிப்பான், அது போயிற்றே. இப்படி ஏழு முறை. தொல்காப்பியர் ‘மன்’னுக்கு மூன்று பொருள் சொல்கிறார்: கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்றால் முடிந்துபோனது. உரையாசிரியர்கள் கழிவுக்கு எடுத்துக்காட்டு தேடியபோது எடுத்து வைத்தது இந்தப் பாட்டின் முதல் அடியைத்தான். ஆகவே, கடந்த பல நூற்றாண்டுகளாகத் தமிழ் இலக்கணம் படித்த ஒவ்வொரு மாணவனும், சமண முனிவரின் காலடியில் படித்தவனும் சைவ மடத்தில் படித்தவனும்கூட, ‘போய்விட்டது’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கற்றுக்கொண்டது அதியமானின் கள்ளை வைத்துத்தான். மழுப்பிய எங்கள் ஆசிரியரும் இலக்கண வகுப்பில் அந்த அடியைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

அது என்ன கள் என்று கேட்பீர்கள். பனங்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். சங்கப் பாடல்களில் இதற்கு ஒரு பெரிய சொற்கூட்டமே இருக்கிறது: கள், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி, தேறல். தோப்பி என்றால் வீட்டில் அரிசியிலிருந்து காய்ச்சுவது. தேறல் என்றால் தெளிந்தது. மலைநாட்டில் தேனிலிருந்து எடுத்ததை மூங்கில் குழாய்க்குள் ஊற்றி நாள் கணக்கில் முதிர விடுவார்கள். நார் கொண்டு வடிகட்டுவார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினி வாசலில் ஔவை வாங்கிக் குடித்ததும் நாள்பட்ட தேறல்தான். அதன் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறார். குடித்தவர்தான் அப்படி எழுத முடியும்.

கடல் கடந்தும் மது வந்தது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனுக்கு யவனர் கொண்டுவந்த மணமான மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தந்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். நாம் இப்போது வைன் என்கிறோமே, அதேதான். அதற்கும் அவர் போட்ட சொல் தேறல். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து அந்த மது வந்த ஜாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. இரண்டு பக்கம் கைப்பிடி, கூர்மையான அடி, கப்பலில் அடுக்கத் தோதான உருவம். முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளைப் பட்டியலிடுகிற பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் மதுவையும் குறிக்கிறது, ஆனால் அதிகம் இல்லை என்கிறது. துறைமுகம் உள்ள பாண்டியனுக்குக் கப்பல் சரக்கு கிடைத்தது. மலைநாட்டு அதியமானுக்கு நாரில் வடித்த உள்ளூர்ச் சரக்கு. ஆனால் நக்கீரர் பாட்டில் பாண்டியன் குடிக்கிறான், பெண்கள் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கிண்ணம் அடுத்தவர் கைக்குப் போனதாகச் செய்தி இல்லை.

அதியமானைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது நெல்லிக்கனிக் கதை. எட்டாத மலைப்பிளவில் பழுத்த கனி, உண்டால் நீண்ட நாள் வாழலாம். அவன் அதைத் தான் உண்ணாமல், அதன் சிறப்பையும் சொல்லாமல், ஔவைக்குக் கொடுத்துவிட்டான். அதைப் பற்றிய பாட்டில் ஔவை அவனை, நஞ்சை மிடற்றில் அடக்கிய சிவனைப் போல நீ நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். பாடப்புத்தகம் அதோடு கதையை முடித்துவிடுகிறது. கதை அங்கே முடியவில்லை. வாழ்த்து பலிக்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரின் மேல் படையெடுத்து வந்தான், கோட்டை விழுந்தது, அதியமான் மார்பில் வேல் வாங்கிச் செத்தான். வென்ற சேரனுக்குத் ‘தகடூர் எறிந்த’ என்று அடைமொழியே வந்துவிட்டது. அரிசில் கிழார் அவனைப் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அந்தப் போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு தனி நூலே இருந்திருக்கிறது. நூல் போய்விட்டது, சில பாடல்கள் புறத்திரட்டில் மாட்டிக்கொண்டு தப்பின. கனியைத் தின்றவர் இருந்தார், கொடுத்தவன் போனான். அந்தக் கனி ஔவைக்குச் செய்தது இதைத்தான்: நண்பனின் சிதையைப் பார்க்கும் வரை அவரை உயிரோடு வைத்திருந்தது. நெல்லி முதலில் துவர்க்கும், தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பார்கள். ஔவைக்கு அது திரும்பவும் துவர்த்திருக்கும்.

அதியமான் குறையே இல்லாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் திருக்கோவிலூரை அழித்தவன்தான். அதைப் புலவர் பரணர் பாடியதாக ஔவையே பெருமையோடு சொல்கிறார். அவன் கொடுத்த பொருளில் எவ்வளவு கொள்ளைப் பொருள் என்று கேட்டால் எனக்கும் சங்கடம்தான். அந்தக் காலத்து வள்ளல்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கொடையிலேயே அவன் ஒருமுறை சறுக்கியும் இருக்கிறான். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அவனைத் தேடி மலையும் காடும் கடந்து வந்தார். அதியமான் நேரில் வராமல், பரிசை மட்டும் உள்ளிருந்து அனுப்பிவிட்டான். என்ன வேலையோ, என்ன களைப்போ! புலவர் வாங்க மறுத்துவிட்டார். என்னைப் பார்க்காமல் என் தரம் உனக்கு எப்படித் தெரிந்தது, பரிசுக்காக வியாபாரம் செய்கிறவனா நான் என்று கேட்டார். அறிந்து கொடுத்தால் ஒரு தினையளவு போதும் என்றார். காசோலையை உதவியாளரிடம் கொடுத்தனுப்பும் நம் காலத்து அறக்கட்டளைக்காரர்கள் புறநானூற்று 208ஐ ஒருமுறை படிக்கலாம். ஔவையையும் அவன் வாசலில் காக்க வைத்திருக்கிறான். அவர் வாயில்காவலனிடம் பொரிந்து தள்ளினார்: அஞ்சி தன்னை அறியவில்லையா, என்னை அறியவில்லையா, தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குப் போனால் மரமா கிடைக்காது, எந்தத் திசை போனாலும் எனக்குச் சோறு உண்டு என்று. பரிசு கொடுத்தால் போய்விடுவாரே என்பதால்தான் தாமதித்தான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஒருநாள் போனாலும், பல நாள் போனாலும், பலரோடு போனாலும் முதல் நாள் போலவே வரவேற்பான் என்று வேறொரு பாட்டில் அவரே சொல்கிறாரே. அவன் பரிசு தாமதமானாலும் யானை கொம்பிடையில் வைத்த கவளம் போல, தவறாது, வாய்க்குப் போய்ச் சேரும் என்றார். இப்படி உரிமையோடு சண்டை போடுகிற இடம்தானே நட்பு.

அவன் போன பிறகு நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வழக்கப்படி அதியமானுக்குக் கல் நட்டார்கள், மயிற்பீலி சூட்டினார்கள், சிறிய கலத்தில் நாரால் வடித்த மதுவை ஊற்றினார்கள். ஊருக்கே அது மரியாதை. ஔவை மட்டும் தள்ளி நின்று கேட்கிறார்: மலைகள் உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்து மதுவை வாங்கிக்கொள்வானா? இனி எனக்குக் காலையும் மாலையும் வேண்டாம் என்கிறார்.

இந்த 232ஆம் பாட்டையும் 235ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே கொஞ்சக் கள், இங்கே சிறிய கலம். அங்கே அவன் கொடுத்தான், இவர்கள் வாங்கினார்கள். இங்கே இவர்கள் கொடுக்கிறார்கள், வாங்க ஆள் இல்லை, கல் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவனுக்குத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்குத் தருவாயே, இப்போது இது கொஞ்சம்தான், இதை நான் உனக்கு ஊற்றினால் நீ எனக்கே திருப்பித் தருவாய் அல்லவா? அவர் இப்படிச் சொல்லவில்லை. நான் படிக்கும்போது எனக்குக் கேட்கிறது.

235ஆம் பாட்டின் பிற்பகுதியில், அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளைத் துளைத்து, சுற்றத்தார் கண்ணொளியை மழுக்கி, புலவர் நாவில் போய் விழுந்தது என்கிறார். இனிப் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை. குளிர்ந்த நீர்த்துறையில் யாரும் சூடாமல் உதிர்கிற பகன்றைப் பூவைப் போல, யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல் செத்துப்போகிற உயிர்கள்தான் மிகுதி என்று முடிக்கிறார்.

கள்ளுக்கு நான் விளம்பரம் பேச வரவில்லை. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். 1987இல் இந்த மாநிலத்தில் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தார்கள். 2003இல் அரசே சில்லறைக் கடையைத் திறந்து பாட்டில் விற்க உட்கார்ந்தது. அந்தக் கடை வாசலில் விழுந்து கிடக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியாத கதை இந்த அரங்கத்தில் பலருக்குத் தெரியும். அந்தப் பாட்டிலுக்கு அதியமானைச் சாட்சி கூப்பிடாதீர்கள். அவன் கலத்தில் முதல் பங்கு அடுத்தவருக்கு. இங்கே முதல் பங்கும் கடைசிப் பங்கும் ஒரே ஆளுக்கு, பில் மட்டும் பெண்டாட்டி பிள்ளைக்கு.

அதியமானின் நடுகல் இதுவரை நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊர் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாம் பிற்காலத்தவை. அவன் கலம் இல்லை, கோட்டை இல்லை. ஆனால் 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம், ஜம்பை என்ற ஊரின் குன்றுக் குகையில் ஒரு வரி தமிழி எழுத்துக் கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் கண்டுபிடித்தார்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று வெட்டியிருக்கிறது. அசோகனின் பாறைக் கல்வெட்டில் சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ‘சதியபுதோ’ யார் என்று அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது. பாளி என்றால் துறவிகள் தங்கும் இடம். மது தொடாத சமண முனிவர்களுக்கு, கள் குடித்த அதியமான் கொடுத்த படுக்கை அது.

அவன் வென்ற ஊர்கள் அந்த வரியில் இல்லை. பட்டப்பெயருக்கும் பெயருக்கும் பிறகு இருக்கிற ஒரே வினை ‘ஈத்த’. ஔவையின் பாட்டில் முதல் அடியிலேயே வருகிற அதே ஈதல். இந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிற தென்பெண்ணைதான் அந்தக் குன்றுக்கும் பக்கத்தில் ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படம் தெளிவாக விழ வேண்டும் என்று எழுத்தின்மேல் சாக்பீஸ் மட்டும் தீட்டிவிடாதீர்கள்.